புல் நடுவது கடைசி வேலை: மானட்டிகளுக்காக ஊற்றையும் ஆற்றையும் காப்பது எப்படி

ஃப்ளோரிடாவில் ஓர் ஊற்றை மீட்க வேண்டும் என்று கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் முதல் நாளே புல் நடப் போகிறார்கள். படம் எடுக்க நன்றாக இருக்கும். அடுத்த கோடைக்குள் அந்த இடத்தில் கறுப்புப் பாசியும் சகதியும்தான் மிஞ்சும். வரிசை மாறியதுதான் காரணம். தண்ணீரின் வெப்பம், வந்து போகும் வழி, தண்ணீரின் சுத்தம், அடித்தரை, அதற்குப் பிறகுதான் புல். இந்தக் குறிப்பும் அதே வரிசையில் போகிறது.

பெயரை முதலில் தீர்த்துக்கொள்வோம். கடற்பசு என்று தமிழில் பொதுவாகச் சொன்னாலும் பாக் நீரிணையில் இருக்கும் ஆவுளியா வேறு, மானட்டி வேறு. இரண்டும் பங்காளிகள். ஆவுளியாவின் வால் திமிங்கிலத்தைப் போல் பிளந்திருக்கும். மானட்டியின் வால் தோசைத்திருப்பி மாதிரி வட்டம். ஆவுளியா கடலை விட்டு வராது. அதனால் 2022இல் தமிழ்நாடு அறிவித்த 448 சதுர கிலோமீட்டர் காப்பகத்தில் கடற்புல் வெளியைக் காப்பதே பெரும்பகுதி வேலை. மானட்டியோ ஆற்றில் ஏறும், நன்னீர் குடிக்கும், குளிர்காலத்தில் ஊற்றுக்குள் ஒதுங்கும். ஆகவே அதற்குத் தீனியோடு வெப்பமும் வழியும் சேர்த்துக் காக்க வேண்டியிருக்கிறது.

வெப்பம்: அடியில் அளக்க வேண்டும்

450 கிலோ எடை, 3 மீட்டர் நீளம். பார்க்கக் கொழுத்த விலங்கு. ஆனால் தோலுக்கடியில் கொழுப்புப் படலம் மிகக் குறைவு, உடலில் சூடு பிறப்பதும் மெதுவாகத்தான். தண்ணீர் 20 டிகிரி செல்சியஸுக்குக் கீழே பல நாள் நின்றால் நோய் பிடிக்கும்: மூக்கிலும் துடுப்பிலும் வாலிலும் தோல் வெளுக்கும், குடல் நின்றுவிடும், பிறகு சாவு. கடுங்குளிர் அடித்த 2010ஆம் ஆண்டில் ஃப்ளோரிடாவில் 766 மானட்டிகள் இறந்தன. சுண்ணாம்புப் பாறைக்குள்ளிருந்து வரும் ஊற்றுத் தண்ணீர் ஆண்டு முழுக்க ஏறக்குறைய 22 டிகிரியில் இருப்பதால்தான் அவை அங்கே ஓடி வருகின்றன. மாநிலத்து மானட்டிகளில் பாதிக்கு மேல் இன்று மின்நிலையங்கள் வெளியேற்றும் வெந்நீரை நம்பிக் குளிர்காலத்தை ஓட்டுகின்றன. அந்த நிலையங்கள் ஒருநாள் மூடப்படும். இயற்கை ஊற்றுகளின் மதிப்பு அப்போதுதான் முழுதாகத் தெரியும்.

ஓர் ஊற்று குளிர்காலப் புகலிடமாக வேலை செய்கிறதா என்று பார்க்க இரண்டு எல்லைகளை வைத்துக்கொள்ளுங்கள். மூன்று நாள் தொடர்ந்து 20 டிகிரிக்குக் கீழே போகக் கூடாது. நான்கு மணி நேரம் தொடர்ந்து 15 டிகிரியிலோ அதற்குக் கீழோ நிற்கக் கூடாது. ஃப்ளோரிடாவில் ஊற்றோட்டத்தின் குறைந்தபட்ச அளவைக் கணிக்கும்போதும் இவற்றைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

அளப்பதற்கு, தானாகப் பதிவு செய்யும் சிறு வெப்பமானிகள் போதும். போடுவதற்கு முன் எல்லாவற்றையும் ஒரு வாளியில் நொறுக்கிய ஐஸும் கொஞ்சம் தண்ணீரும் விட்டு, கலக்கிக்கொண்டே அரை மணி நேரம் வையுங்கள். 0 டிகிரிக்கு அரை டிகிரி தள்ளிக் காட்டுவதை ஒதுக்கிவிடலாம். 15 நிமிடத்துக்கு ஒரு பதிவு என்று அமைத்து, ஊற்றுக்கண்ணில் ஒன்று, ஓடையின் நடுவில் ஒன்று, ஓடை ஆற்றில் சேரும் வாயில் ஒன்று என வையுங்கள். ஒவ்வோர் இடத்திலும் இரண்டு வேண்டும்: தரையை ஒட்டி ஒன்று, மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே ஒன்று. நவம்பர் தொடக்கத்தில் போட்டு ஏப்ரலில் எடுங்கள்.

இரண்டு எதற்கு? குளிர்ந்த ஆற்றுத் தண்ணீர் கனமானது. ஆற்று மட்டம் உயர்ந்தாலோ ஊற்றின் ஓட்டம் தளர்ந்தாலோ, அது ஓடையின் அடியில் ஆப்பு இறக்கியது போல உள்ளே நுழையும்; வெதுவெதுப்பான ஊற்று நீர் அதன் மேல் மிதந்து போகும். மேலே கை வைத்தால் சூடு, மானட்டி படுக்கும் தரையில் குளிர். மேற்பரப்பை மட்டும் அளந்தவர்கள் எல்லாம் சரி என்று எழுதிவிட்டுப் போவது இதனால்தான்.

வெப்பமானியைக் கனமான கான்கிரீட் கல்லின் மேல், ஒரு சாண் நீளத்துக்கு மிகாத எஃகுக் கம்பியால் இறுக்கிக் கட்டுங்கள். மேற்பரப்புக் கருவியைப் படகுத்துறைத் தூண் போல ஏற்கெனவே நிற்கும் ஒன்றில் பொருத்துங்கள். மிதவையும் கயிறும் வேண்டவே வேண்டாம். தொங்கும் கயிறு எதுவானாலும் மானட்டியின் துடுப்பில் சுற்றும்.

ஊற்றின் ஓட்டம் குறைவதற்குப் பெரிய காரணம் ஊற்றருகே இருக்காது. பல மைல் தள்ளி ஆழ்துளைக் கிணறுகளில் இறைப்பதுதான். இது தனி ஆள் செய்து முடிக்கிற காரியமல்ல. நீர் எடுப்புக்கு அனுமதி தரும் அரசு அமைப்பான நீர் மேலாண்மை வட்டாரம் குறைந்தபட்ச ஓட்டத்தைச் சட்டமாக்க வேண்டும். வொலூசியா மாவட்டத்து ப்ளூ ஸ்பிரிங் நல்ல முன்மாதிரி. அங்கே 2006இல் சராசரி ஓட்டம் நொடிக்கு 133 கன அடி இருக்க வேண்டும் என்று தொடங்கி, படிப்படியாக உயர்த்தி, 2024 ஏப்ரலிலிருந்து 157 கன அடி (நொடிக்கு ஏறக்குறைய 4,400 லிட்டர்) என்று வைத்தார்கள். 1970 வாக்கில் குளிர்காலத்தில் பத்துப் பதினைந்து மானட்டிகளை எண்ணிய அதே ஓடையில் இப்போது குளிரான நாளில் 700க்கு மேல் எண்ணுகிறார்கள். உங்கள் ஊற்றுக்கு இப்படி ஓர் அளவு இருக்கிறதா, கடைசி மூன்று ஆண்டு ஓட்டம் அதற்கு மேலா கீழா என்று கேட்டு வாங்குங்கள். கிணற்று அனுமதி புதுப்பிக்கும் பொதுக் கூட்டத்துக்கு அந்த ஒரு காகிதத்தோடு போவது, நூறு பேர் பதாகை பிடிப்பதைவிடப் பலன் தரும்.

வழி

தண்ணீர் சூடாக இருந்தும் மானட்டி வரவில்லை என்றால் வழி அடைபட்டிருக்கும். வளர்ந்த மானட்டி தாராளமாக நீந்திப் போக ஏறக்குறைய 1.15 மீட்டர் ஆழம் வேண்டும். குளிர்காலத்தில் ஆறு மிகவும் தாழ்ந்திருக்கும் நாளில், கடலோர ஆறாக இருந்தால் வற்றத்தின்போது, ஓடை வாயிலிருந்து ஊற்றுக்கண் வரை ஐந்து மீட்டருக்கு ஒரு முறை அளவுகோலை இறக்கிக் குறித்துக்கொள்ளுங்கள். ஆழம் குறைந்த இடம் ஒன்றே ஒன்று இருந்தாலும் அதுதான் வாசல்.

மணல் மேடிட்டிருந்தால் உறிஞ்சு குழாயால் எடுக்கலாம். அனுமதி வாங்கி, மானட்டிகள் கலைந்துபோன ஏப்ரலுக்கும் அக்டோபருக்கும் நடுவில் செய்ய வேண்டும். ஆனால் மணல் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் எடுத்தால் இரண்டு மழைக்காலத்தில் திரும்ப மேடிடும். பெரும்பாலும் கரையில் படகை ஏற்றி இறங்குகிறவர்களும் குளிக்க இறங்குகிறவர்களும் மிதித்துச் சரித்த மண்தான் அது. இறங்கப் படிக்கட்டு ஒன்று போட்டு, மற்ற இடமெல்லாம் தேங்காய் நார் உருளைகளை முளையடித்து வைத்து, பின்னால் அந்தப் பகுதிக்குரிய செடிகளை நடுங்கள். தேங்காய் நாரின் அருமையை நமக்குச் சொல்லத் தேவையில்லை: வேர் பிடிக்கும் வரை மண்ணைத் தாங்கிவிட்டுத் தானே மக்கிப்போகும். விழுந்த மரங்களை மொத்தமாக அகற்ற வேண்டாம். மீனுக்கும் ஆமைக்கும் அதுதான் வீடு; நடுவில் இரண்டு மீட்டர் அகலம் அறுத்துவிட்டால் போதும்.

மழைநீர்க் குழாய்களை ஆட்கள் மறந்துவிடுவார்கள். வெதுவெதுப்பும் நன்னீரும் தேடி மானட்டி குழாய்க்குள் நுழையும்; திரும்ப இடமில்லாமல் மூச்சடைத்துச் சாகும். 8 அங்குலத்துக்கு மேல் 8 அடிக்குக் கீழ் விட்டமுள்ள, நீரில் முழுதாகவோ பாதியோ மூழ்கிய எந்தக் குழாய் வாயிலும் 8 அங்குலத்துக்கு மிகாத இடைவெளியில் கம்பிகள் இருக்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. கம்பி போட்டால் குப்பை அடைக்கும், அடைத்தால் தெருவில் வெள்ளம் நிற்கும், நின்றால் யாராவது கம்பியைக் கழற்றி எறிவார்கள். ஆகவே பெருமழைக்குப் பின் யார் வந்து வாருவது என்பதை எழுதி வைத்துவிட்டே கம்பி மாட்டுங்கள்.

எல்லா அடைப்பும் மண்வெட்டிக்கு அடங்காது. 1968இல் ஓக்லவாஹா ஆற்றில் கட்டிய அணை இன்றும் சில்வர் ஸ்பிரிங்ஸ் போகும் வழியில் நிற்கிறது. படகுகள் அணையைக் கடப்பதற்கான மடை திறக்கும்போது தப்பித் தவறி நுழையும் மானட்டிகளைத் தவிர மற்றவற்றுக்கு அந்தப் பெரிய ஊற்று இல்லாதது மாதிரிதான்.

நைட்ரஜன்: ஊற்று கரையில் தொடங்குவதில்லை

ஆர்லாண்டோ, டாம்பா பக்கம் வீடு வாங்கியிருக்கும் தமிழர்கள் இந்தப் பகுதியை ஊன்றிப் படிக்கலாம். அங்கே நிலத்துக்கடியில் இருப்பது ஓட்டைகள் நிறைந்த சுண்ணாம்புப் பாறை. புல்தரையில் தூவிய உரமும் செப்டிக் டேங்கிலிருந்து கசியும் நீரும் வடிகட்டப்படாமல் நேரே இறங்கி, ஏதோ ஓர் ஊற்றில் நைட்ரேட்டாக வெளியே வரும். ஃப்ளோரிடா ஊற்றுகளுக்கு வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 0.35 மில்லிகிராம். ரெயின்போ ஸ்பிரிங்ஸ் போன்ற இடங்களில் 2 மில்லிகிராமையும் தாண்டிவிட்டது.

மாதிரி எடுக்கும்போது ஊற்றுக்கண் வாயிலேயே எடுங்கள். ஓடையில் கீழே போகப் போகச் செடிகளும் பாசியும் நைட்ரேட்டைத் தின்றுவிடுவதால் பொய்யாகக் குறைத்துக் காட்டும். ஐஸ் பெட்டியில் 4 டிகிரியில் வைத்து 48 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேருங்கள். அறிக்கை வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது எண்ணை அல்ல, அலகை. சில ஆய்வகங்கள் நைட்ரஜனாகக் கணக்கிடும், சில நைட்ரேட்டாகவே கணக்கிடும். இரண்டுக்கும் 4.43 மடங்கு வித்தியாசம். 0.35 என்ற வரம்பு நைட்ரஜன் கணக்கு. நைட்ரேட் கணக்கில் அதுவே 1.55. இதைக் கவனிக்காமல் ஊற்று கெட்டுவிட்டது என்று ஊரைக் கூட்டியவர்களும் உண்டு, ஒன்றுமில்லை என்று சும்மா இருந்தவர்களும் உண்டு.

செப்டிக் டேங்கை 3 முதல் 5 ஆண்டுக்கு ஒரு முறை காலி செய்ய வேண்டும். ஆனால் காலி செய்தால் நைட்ரஜன் நின்றுவிடும் என்று நம்ப வேண்டாம். பழுதில்லாமல் ஓடும் சாதாரண அமைப்பே மூன்றில் ஒரு பங்கு நைட்ரஜனைத்தான் நீக்கும். மீதி நிலத்தடிக்குப் போகும். தெருவில் கழிவுநீர்க் குழாய் வந்தால் இணைந்துகொள்வதே மேல். இல்லையென்றால் குறைந்தது 65 சதவீதம் நைட்ரஜனை நீக்கும் அமைப்பு வேண்டும். 2016ஆம் ஆண்டுச் சட்டம் 30 ஊற்றுகளைச் சிறப்புப் பாதுகாப்பில் சேர்த்தது. அந்த ஊற்றுகளைச் சுற்றிக் குறித்திருக்கும் முன்னுரிமைப் பகுதியில் ஓர் ஏக்கரும் அதற்குக் குறைந்ததுமான மனைகளில் புதிதாகச் சாதாரண டேங்க் போட முடியாது.

உரம்: ஒரு தடவைக்குச் சதுர மீட்டருக்கு 5 கிராம் நைட்ரஜனுக்கு மேல் போகாதீர்கள். மூட்டையில் முதல் எண் 15 என்றிருந்தால் அது 15 சதவீத நைட்ரஜன். அதாவது 100 சதுர மீட்டர் புல்தரைக்கு 3.3 கிலோ உரம், அவ்வளவுதான். அதில் பாதியாவது மெதுவாகக் கரையும் வகையாக இருக்கட்டும். பல மாவட்டங்களில் ஜூன் 1 முதல் செப்டம்பர் 30 வரை உரமே தூவக் கூடாது. மழைக்காலத்தில் தூவியது வேருக்குப் போகாமல் ஊற்றுக்குத்தான் போகும். இன்னும் நல்ல யோசனை, புல்தரையைப் பாதியாகக் குறைப்பது.

இன்று நிறுத்தினால் அடுத்த ஆண்டு ஊற்று தெளிந்துவிடுமா? தெளியாது. பாறைக்குள் இறங்கிய தண்ணீர் வெளியே வரச் சில ஆண்டுகளும் ஆகலாம், பல பத்தாண்டுகளும் ஆகலாம். நிதி கொடுக்கிறவர்களிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

படகும் நீச்சலும்

ஃப்ளோரிடாவில் நவம்பர் 15 முதல் மார்ச் 31 வரை மானட்டிப் பருவம். ஊற்றுகளைச் சுற்றியுள்ள பல காப்பிடங்களில் அப்போது படகும் ஆளும் நுழையவே கூடாது. மற்ற இடங்களில் வேகப் பலகையைப் படிக்கத் தெரிய வேண்டும். 'மெதுவான வேகம்' என்றால் படகு முழுதாகத் தண்ணீரில் அமர்ந்திருக்க வேண்டும். மூக்குத் தூக்கியிருந்தால் அது மெதுவான வேகம் அல்ல, மீட்டரில் எண் என்ன காட்டினாலும் சரி. அதைவிடக் குறைந்த வேகத்தைச் சொல்லும் பலகை என்றால், படகைத் திசை மாறாமல் செலுத்த எவ்வளவு வேகம் தேவையோ அவ்வளவு மட்டுமே. தண்ணீரின் மேல் எண்ணெய் விட்டது போல வழவழப்பான வட்டங்கள் வரிசையாகத் தெரிந்தால் அடியில் மானட்டி வாலசைத்துப் போகிறது என்று பொருள். நீந்தும்போது மூன்று முதல் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறைதான் மூச்சுக்கு வரும், படுத்திருந்தால் இருபது நிமிடம் கூட ஆகலாம். ஆகவே வட்டத்தைப் பார்த்ததும் எஞ்சினை அணைத்துக் காத்திருங்கள்.

நீந்துகிறவர்கள் மிதக்க வைக்கும் தடித்த உடை அணிந்து, காலை அசைக்காமல் முகம் குப்புறக் கிடக்க வேண்டும். துடுப்புக் காலணியால் ஒரு உதை உதைத்தால் எழும் சேறு அடங்க வெகுநேரம் ஆகும். அதன் கீழ் இருக்கும் இளம் புல்லுக்கு வெளிச்சம் போகாது. குழாயில் தண்ணீர் காட்டுவதும் கீரை போடுவதும் சட்டப்படிக் குற்றம். பழகிய மானட்டி அடுத்த படகுத்துறைக்கும் அதே நம்பிக்கையோடு போய் உந்துவிசிறியில் வெட்டுப்படும். 2021இல் பட்டினி பெரிய காரணமாக இருக்க, மாநிலம் முழுக்க 1,100 மானட்டிகள் வரை செத்ததை அடுத்து, கேப் கனாவெரல் மின்நிலையத்தருகே அரசே டன் கணக்கில் கீரை போட்டது உண்மைதான். இந்தியன் ஆற்றுக் காயலில் கடற்புல் அழிந்துபோனதால் வந்த கதி அது. யாரும் பார்த்துச் செய்யக் கூடிய முறை அல்ல.

தண்ணீரில் கட்டுமான வேலை நடந்தால், மானட்டி 50 அடிக்குள் வந்ததும் எல்லா இயந்திரமும் நிற்க வேண்டும். அது தானாக விலகிப் போன பின்போ, 30 நிமிடம் கண்ணில் படாமல் இருந்த பின்போ தொடங்கலாம். விரட்டக் கூடாது. அடிபட்டதையோ தூண்டில் நரம்பு சுற்றியதையோ பார்த்தால் மாநில வனவிலங்கு எண் 1-888-404-3922க்கு அழையுங்கள். கரையில் கிடப்பதைத் தண்ணீருக்குள் தள்ளாதீர்கள். நரம்பை நீங்களே வெட்டாதீர்கள். தொங்கும் நுனி போய்விட்டால் சதைக்குள் புதைந்த பகுதியைப் பிறகு கண்டுபிடிப்பது பெரும்பாடு.

பாசியும் சகதியும்

1993 மார்ச் பெரும்புயலில் கடல்நீர் ஏறி, ஃப்ளோரிடாவின் மேற்குக் கரையில் ஊற்றுகள் நிறைந்த கிங்ஸ் பேயின் செடிகள் நாசமாயின. காலியான இடத்தைப் பிடித்தது லிங்பியா என்ற கறுப்பு முடிக்கற்றை போன்ற நீலப்பச்சைப் பாசி. போர்வை மாதிரித் தரையை மூடும். அடியில் வாயு சேர்ந்தால் துண்டு துண்டாக மேலே எழும்பி மிதக்கும். வாரியால் இழுத்தால் சிதறிய ஒவ்வொரு நூலும் புதுப் பாசியாகும். அதனால் முக்குளிப்பவர் கையில் உறிஞ்சு குழாயோடு இறங்கி, பாசியையும் அதன் கீழ் உள்ள கறுப்புச் சகதியையும் சேர்த்தே உறிஞ்சி, வெள்ளை மணல் தெரியும் வரை எடுக்க வேண்டும். கையுறையும் முழு உடையும் கட்டாயம், அந்தப் பாசி தோலை அரிக்கும். எடுத்ததைக் கரையிலேயே கொட்டினால் முதல் மழையில் அதன் சாறெல்லாம் திரும்ப ஊற்றுக்குள்தான்.

பாசிக்கொல்லி தெளிப்பது மலிவு. செத்த பாசி அங்கேயே அழுகும், ஆக்சிஜன் குறையும், சகதி இன்னும் தடிக்கும், அதன் மேல் புதுப் பாசி வரும். வேண்டாம்.

இனி நடலாம்

நட வேண்டியது வாலிஸ்நேரியா. மீன்தொட்டி வைத்திருப்பவர்களுக்குத் தெரிந்த, நாடா போன்ற நீண்ட இலைச் செடி. அந்த நீர்நிலையைச் சேர்ந்த அமெரிக்க இனத்தையே, அனுமதி பெற்ற நாற்றுப் பண்ணையில் வாங்குங்கள். தொட்டிக் கடையில் விற்பது வேறு இனமாக இருக்கலாம். உப்பு லிட்டருக்கு 10 கிராமுக்கு மேல் நீடித்தால் திணறும், ஆகவே வறட்சியில் கடல்நீர் எவ்வளவு தூரம் ஏறுகிறது என்று முன்பே அளந்து பாருங்கள். வெள்ளை-கறுப்பு வட்டத்தட்டை நூலில் கட்டி இறக்கினால் தரை வரை தெரிய வேண்டும். பாதி வழியில் மறைந்தால் அங்கே நடாதீர்கள்.

மானட்டிகள் கிளம்பிய பின், ஏப்ரல், மே மாதங்களில், 30 முதல் 60 சென்டிமீட்டர் இடைவெளியில் நடுங்கள். வேர் மட்டும் மண்ணுக்குள் போக வேண்டும். இலைகள் கிளம்பும் வெள்ளைக் கழுத்து மண்ணில் புதைந்தால் ஒரு வாரத்தில் அழுகிவிடும். பயிற்சியில்லாத கைகள் செய்யும் முதல் தவறு இதுதான். மறுபக்கம், மேலாக வைத்தால் ஓட்டம் பிடுங்கிக்கொண்டு போகும். மக்கும் தொட்டியில் வேர் நிறைந்த நாற்றை வாங்கினால் இரண்டு தொல்லையும் இல்லை, விலைதான் கூடுதல்.

பிறகு கூண்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு மானட்டி நாளொன்றுக்குத் தன் எடையில் 4 முதல் 9 சதவீதம் தின்னும், அதாவது 18 முதல் 40 கிலோ. நூறு மானட்டிகள் என்றால் ஒரே நாளில் 2 முதல் 4 டன். காவல் இல்லாத இளம் பாத்தி ஓர் இரவுகூடத் தாங்காது, ஆமைகள் வேறு. உறுதியான கம்பி வலைக் கூண்டால் பாத்தியை மூடி, நான்கு மூலையிலும் தரையில் ஆழ முளையடியுங்கள். வலை விறைப்பாக இருக்க வேண்டும். தளர்ந்த மீன்வலையைப் போட்டால் மானட்டியைக் காக்கப் போய் மானட்டியைப் பிடித்த கதையாகிவிடும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை இறங்கிக் கூண்டின் மேல் படியும் பாசியைத் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் கூண்டே நிழலாகிச் செடியைக் கொல்லும்.

செடிகள் தரையோடு ஓடும் தண்டு விட்டுக் கூண்டுக்கு வெளியே தலைகாட்டத் தொடங்கியதும் ஒரு செடியைப் பிடித்து மெல்ல இழுங்கள். இலை அறுந்து வேர் நின்றால் தயார். வேரோடு வந்தால் இன்னும் ஒரு பருவம் பொறுங்கள். எடுக்கும்போதும் எல்லாக் கூண்டையும் ஒரே நாளில் எடுக்க வேண்டாம். மார்ச் கடைசியில் மானட்டிகள் போனதும் மூன்றில் ஒரு பங்கை எடுத்து, அடுத்த குளிர்காலம் அந்தப் பாத்தி மேய்ச்சலைத் தாங்கி வேர் மிச்சம் வைக்கிறதா என்று பார்த்துவிட்டு மீதியைத் தொடுங்கள்.